கல்லைக் குடைந்த பொன்னாயி

ஒரு காட்டில், குழந்தைகளே, மருந்துக்குக்கூட ஒரு மரம் கிடையாது! ஏனென்றால் அந்தக் காடு கடலுக்கு அடியில் இருந்தது. மரத்துக்குப் பதில் பவளம், பறவைக்குப் பதில் மீன்கள்.

அங்கே ஒரு பழைய பவளப் பாறையில் பொன்னாயி என்ற மஞ்சள் கடற்பஞ்சு குடியிருந்தாள். அவளுக்குக் கையும் இல்லை, காலும் இல்லை. ஆனாலும் சும்மா இருக்க மாட்டாள். கலங்கல் தண்ணீரைக் குடித்து, தெளிந்த தண்ணீராக வெளியே விடுவாள். உயிர்போன பழைய கல்லைத் துளித்துளியாகக் குடைந்து, அந்த வெள்ளைப் பொடியை வெளியே ஊதுவாள். குடைந்த துளைகளில் யார் வந்து தங்கினாலும் ஏன் என்று கேட்க மாட்டாள்.

பக்கத்தில் கொடுக்கப்பன் என்று ஒரு நண்டு இருந்தான். முதுகில் கெட்டி ஓடு, முன்னால் இரண்டு கொடுக்கு, உடம்பெல்லாம் திமிர். பொன்னாயி ஊதும் பொடி தினமும் அவனுடைய பளபளப்பான ஓட்டின்மேல் விழுந்தது. அவனுக்குப் பொறுக்கவில்லை. நேரே ஊர்த்தலைவர் களவா மீனிடம் போனான்.

"தலைவரே! பவளப்பூச்சிங்க பாடுபட்டுக் கட்டின ஊரை இவ அரிச்சுத் தின்னுறா. அடிமேல் அடி வச்சா அம்மியும் நகரும். ஒருநாள் ஊரே மணலாப் போயிடும்!"

"ஐயையோ!" என்று மீன்கள் அலறின.

"நான் குடையறது செத்த கல்லைத்தானுங்க," என்றாள் பொன்னாயி. "அதுல துளை இருந்தா, ஆபத்துக்கு நாலு பேரு ஒண்டிக்கலாம்."

"ஒண்டறது கோழைங்க வேலை. எனக்கு ஓடு இருக்கு!" என்றான் கொடுக்கப்பன்.

களவா யோசிக்கவே இல்லை. அவ்வளவு பெரிய வாயை வைத்துக்கொண்டு யோசிக்க நேரம் ஏது? "எல்லாத் துளையையும் மண்ணைப் போட்டு அடைச்சிடுங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பொன்னாயி நடுங்கிப் போனாள். அவளுக்கு மூக்கும் அந்தத் துளைகள்தான், வாயும் அவைதான். எல்லாவற்றையும் அடைத்தால் உயிர் போய்விடும்.

கொடுக்கப்பன் தானே முன்னின்று மண்ணும் சிப்பித் துண்டுமாக இறுக இறுக அடைத்தான். குடைந்த பொடி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே குவிந்தது. ஊர்த் தண்ணீர் கலங்கத் தொடங்கியது. கடைசியில் ஒரே ஒரு துளை மிஞ்சியது.

"இதோட கதை முடிஞ்சுது," என்று கொடுக்கப்பன் மண்ணை அள்ளினான். அப்போது முதுகில் படக்கென்று ஒரு சத்தம்.

ஓடு வெடித்துக் கழன்றுவிட்டது! நண்டு வளர வேண்டுமென்றால் பழைய ஓட்டைக் கழற்றியே ஆக வேண்டும். புது ஓடு இறுகும்வரை உடம்பு பிசைந்த மாவு மாதிரி இருக்கும். திமிரில் அவன் அதை அடியோடு மறந்திருந்தான்.

நண்டு தின்னும் கிளாத்தி மீன் எங்கிருந்தோ மோப்பம் பிடித்து வந்தது. "அடடா! ஓடு உரிச்ச நண்டா? பல்லுக்கு வேலையே இல்லையே!"

கொடுக்கப்பன் ஒரு துளைக்கு ஓடினான். அடைப்பு. இன்னொன்றுக்கு ஓடினான். அதுவும் அடைப்பு. அவனே அடைத்தது, நகம் நுழைய இடமில்லை. கடைசித் துளையின் வாசலில் போய் விழுந்தான்.

"பொன்னாயி அக்கா! அக்கா! உள்ளே விடு!"

பொன்னாயிக்குக் கோபம் இல்லாமல் இல்லை. பேசாமல் இருந்தாலே போதும், அவளைக் கொல்ல வந்தவன் ஒழிந்தான். ஆனால் அவன் கெஞ்சுவதைக் கேட்க அவளுக்கு மனம் தாங்கவில்லை.

"முதல்ல உள்ளே வா தம்பி. சண்டையை அப்புறம் வச்சுக்கலாம். ஓரமா ஒட்டிக்கோ," என்றாள்.

கிளாத்தி துளையருகே வந்து உறுமியது. "ஏய், அந்த நண்டை வெளியே தள்ளு!"

"தள்ளிடறேன் சாமி. நல்லாக் கிட்ட வந்து, கண்ணை அகலத் திறந்துக்கிட்டு நில்லுங்க. இருட்டுக்குள்ள இருந்து வருது, நழுவிடப் போகுது."

கிளாத்தி ஆசையோடு கண்ணைத் துளைமேலேயே வைத்துப் பார்த்தது. பொன்னாயி தன் பலம் முழுவதையும் கூட்டி ஊதினாள். குவிந்து கிடந்த வெள்ளைப் பொடி அத்தனையும் அதன் கண்ணில் போய் அப்பியது.

"ஐயோ, கண்ணு போச்சே!" என்று கத்திக்கொண்டு, பாறைக்குப் பாறை முட்டிக்கொண்டு, கிளாத்தி ஊரைவிட்டே ஓடியது.

புது ஓடு இறுகியதும் கொடுக்கப்பன் வெளியே வந்தான். ஊர் பார்க்க, தான் அடைத்த துளைகளை ஒவ்வொன்றாகத் தோண்டித் திறந்தான்.

"என்னப்பா, இவ ஊரையே தின்னுறதாச் சொன்னதும் நீதானே?" என்று கேட்டார் களவா.

"அது ஓடு இருந்தப்போ சொன்னது தலைவரே. ஓடு போனப்போதான் புத்தி வந்துச்சு."

பொன்னாயி ஆசைதீர மூச்சு விட்டாள். தண்ணீர் கண்ணாடியாகத் தெளிந்தது. இறால்களும் குட்டி மீன்களும் ஆரவாரத்தோடு துளைகளில் குடியேறின. "பொன்னாயி அக்கா வாழ்க!" என்று கடல் அதிரக் கத்தின.

அவள் ஊதிய வெள்ளைப் பொடி கொடுக்கப்பனின் புது ஓட்டின்மேல் வந்து விழுந்தது. அவன் அதைத் துடைக்கவே இல்லை.

நீதி: பலம் இருக்கும் நாளில் நீ அடைத்த வாசலைத்தான் பலம் போன நாளில் தட்ட வேண்டிவரும்.