ஆகாத கல்யாணத்துக்கு ஆதாரம்

ஒசாகாவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்த்த முத்துப்பேச்சிக்கு, கூட வேலை பார்க்கும் கென்ஜியைக் கட்டிக்கொள்ள ஆசை. ஜப்பான்காரர்கள் ஒரே ஒரு தாள் கேட்டார்கள். அவளுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகவில்லை என்று ஊர் அரசாங்கம் எழுதித் தர வேண்டும். பத்து நாள் லீவில் ஓடி வந்தாள்.

சார்பதிவாளர் ஏகாம்பரம் மனுவைத் தொடக்கூட இல்லை. "இங்கே ஆன கல்யாணத்துக்குத்தான் சான்று. ஆகாததுக்கு ஆதாரம் கொண்டு வாம்மா, எழுதித் தரேன்" என்றார். எட்டு நாள் அதையே சொல்லி அலையவிட்டார்.

ஒன்பதாம் நாள் அவள் வேறொரு மனுவை நீட்டினாள். 'எனக்குப் பதினெட்டு வயதானதிலிருந்து இன்றுவரை தேடி, என் திருமணச் சான்றின் நகலைத் தரவும்.'

ஏகாம்பரத்தின் முகம் மலர்ந்தது. "அப்படியா சேதி? கல்யாணத்தை மறைச்சுட்டுத்தான் இத்தனை நாள் நடந்தியா?"

"நீங்களே தேடிப் பாருங்க சார்."

கள்ளி அகப்பட்டாள் என்று அவரே உட்கார்ந்து சாயங்காலம் வரை தேடினார். ஒன்றும் இல்லை. எரிச்சலோடு, 'மனுதாரர் பெயரில் எந்தத் திருமணமும் பதிவாகவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டு, முத்திரையை ஓங்கிக் குத்தி, தாளை வீசினார்.

முத்துப்பேச்சி அதை இரண்டு முறை வாசித்தாள். "ரொம்ப நன்றி சார். அவங்க கேட்டது இதேதான்."

ஏகாம்பரம் சட்டென்று கை நீட்டினார். "அதை இப்படிக் கொடு."

"நகல் வேணும்னா மனு எழுதிக் கொடுங்க சார்" என்றாள் பணிவாக.

வரிசையில் நின்றவர்கள் சிரித்து வழிவிட்டார்கள். வாசலுக்கு வந்ததும் கென்ஜிக்குப் போன் போட்டு, தேதி குறிக்கச் சொன்னாள்.