அக்கரை என்றொரு விளையாட்டு

இணையத்தின் ஓர் ஓரத்தில் ஒரு விளையாட்டு தனியாக இருந்தது. அதன் பெயர் அக்கரை. மழை பெய்யும் ஓர் ஆறு, ஒரு படகு, கரையில் நிற்கும் சில பேர். அவர்களை அக்கரை சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் ஆட்டம்.

அதைச் செய்தவள் கோவில்பட்டியில் டைப்பிங் சொல்லிக்கொடுக்கும் செண்பகவல்லி. இன்ஸ்டால் செய்ய வேண்டியதில்லை, லிங்க்கைத் தொட்டால் திறந்துகொள்ளும் என்பதில் அவளுக்குப் பெருமை. முதலில் தன் மதினிக்குத்தான் அனுப்பினாள்.

"லிங்க்கைத் தொட்டா பேங்குல கெடக்கது போயிரும்னு டிவியில சொல்லுதாங்களே தாயி," என்றாள் மதினி. தொடவில்லை.

செண்பகவல்லி வாட்ஸப் குழுக்களில் லிங்க்கைப் போட்டாள். விளம்பரம் என்று சொல்லி நீக்கிவிட்டார்கள். தப்பித் தவறி வந்தவர்களும் பாதி திறப்பதற்குள் போய்விட்டார்கள்.

"ஏன் போகிறார்கள்?" என்று அக்கரை, தன்னை இயக்கும் இன்ஜினிடம் கேட்டது.

"நீ கனம். உன்னைத் தூக்கிக்கொண்டு வருகிற நான் உன்னைவிடக் கனம். நாம் வந்து சேர்வதற்குள் அவர்கள் போய்விடுகிறார்கள்."

செண்பகவல்லிக்கும் அது தெரிந்துதான் இருந்தது. மின்னலை எடுத்தாள். துடுப்பின் சத்தத்தை எடுத்தாள். கடைசியில் மழையையும் எடுத்துவிட்டாள். அக்கரை சட்டென்று திறந்தது. ஆறு வெறும் நீலப் பட்டையாகத் தெரிந்தது.

அப்போது விளையாட்டுச் சந்தை ஒன்று அக்கரையைக் கூப்பிட்டது. ஆயிரக்கணக்கான விளையாட்டுகளை அடுக்கி வைத்திருந்த பெரிய தளம் அது.

"என்னிடம் வா, கூட்டம் காட்டுகிறேன்," என்றது சந்தை. "ஆனால் நடு ஆற்றில் என் விளம்பரம் வரும்."

"நடு ஆற்றிலா? படகில் ஆள் இருப்பார்களே!" என்றது அக்கரை.

"இருக்கட்டும். அங்கேதானே இறங்கி ஓட முடியாது!"

செண்பகவல்லி சம்மதித்தாள். கூட்டம் வந்தது. வந்தவர்கள் தொட்டார்கள், தட்டினார்கள், விளம்பரம் வந்ததும் அடுத்த ஆட்டத்துக்குத் தாவினார்கள். ஒருவர்கூட அக்கரை போய்ச் சேரவில்லை. யாருமில்லாத நாளில்கூட அந்த விளையாட்டுக்கு இவ்வளவு தனிமையாக இருந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை செண்பகவல்லியே ஆடிப் பார்த்தாள். படகு நடு ஆற்றுக்கு வந்ததும் ஒரு சோப்பு விளம்பரம் திரையை மூடியது. அது முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு அக்கரையைச் சந்தையிலிருந்து எடுத்துவிட்டாள். மழையையும் துடுப்பின் சத்தத்தையும் திரும்ப வைத்தாள்.

"யாரும் வராட்டிப் போகட்டும்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். சொன்னபடியே யாரும் வரவில்லை.

வெகுநாள் கழித்து ஒரு பழைய போன் அக்கரையின் கதவைத் தட்டியது. நாகப்பட்டினத்தில் ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில் ரமீஜா என்றொருத்தி உட்கார்ந்திருந்தாள். கணவன் உள்ளே இருந்தான். போனில் எதையும் புதிதாக ஏற்ற இடமில்லை. அவள் 'மழைச் சத்தம்' என்று தேடினாள். அந்தத் தேடல் அவளை எங்கெங்கோ கூட்டிப்போய்க் கடைசியில் இங்கே கொண்டுவந்து விட்டது.

போன் திணறியது. அக்கரை மெல்ல மெல்லத் திறந்தது. "போய்விடுவாள்," என்றது அக்கரை. அவள் போகவில்லை.

படகை நடு ஆறுவரை ஓட்டினாள். பிறகு விரலை எடுத்துவிட்டாள். மழை பெய்துகொண்டே இருந்தது.

"ஏன் ஆடமாட்டேன் என்கிறாள்? நான் நன்றாக இல்லையா?"

"சும்மா இரு," என்றது இன்ஜின். "அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்."

அக்கரை சும்மா இருந்தது. தன்னிடம் இருந்த மழையை எல்லாம் பெய்தது. ரமீஜா கண்ணை மூடிச் சுவரில் தலையைச் சாய்த்தாள். நெடுநேரம் கழித்து அவள் மூச்சு நிதானமானது.

"ரமீஜாம்மா, கண்ணு முழிச்சிட்டாரு. உங்களத்தான் கேக்குறாரு," என்று நர்ஸ் வந்து கூப்பிட்டாள். ரமீஜா பதறி எழுந்தாள். எழுந்த வேகத்தில் விரல் பட்டு ஆறும் படகும் மறைந்தன. அந்த முகவரி அவளுக்கு மறுபடி ஞாபகம் வரவே இல்லை.

மறுநாள் காலையில் செண்பகவல்லி, அக்கரைக்கு வந்துபோனவர்களின் கணக்கைத் திறந்து பார்த்தாள். ஒரே ஓர் ஆள். வெகுநேரம் இருந்திருக்கிறார். படகு நடு ஆற்றிலேயே நின்றிருக்கிறது.

"யாரோ திறந்துட்டு மூட மறந்துட்டாங்க போல," என்று சொல்லிவிட்டு அவள் வேலைக்குக் கிளம்பினாள்.

அவளைக் கூப்பிட்டுச் சொல்ல அக்கரைக்கு வாய் இல்லை.