ஓட்டைப் பந்தல்

குருவுக்கு முப்பத்துநாலு வயது. சீடருக்கு அறுபத்தொன்று. ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு. "அழகுமலை அண்ணே, உம்ம மகன் வயசுப் பையன்கிட்ட போயி என்னத்தக் கத்துக்கிறீரு?" என்று டீக்கடையில் கேட்பார்கள். அழகுமலை கோபப்பட மாட்டார். "எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பந்தல் போடத்தான். மிச்சம் எல்லாமே பாக்கி கிடக்கு" என்பார்.

பந்தல் விஷயத்தில் அவரைக் குறை சொல்ல யாராலும் முடியாது. சுற்றுவட்டாரத்தில் நாற்பது வருஷக் கல்யாணங்கள் அவர் கட்டிய கீற்றுக்குக் கீழேதான் நடந்தன. சின்ன வயதில் அவருடைய அப்பா ஒரு வழக்கம் வைத்திருந்தார். பந்தல் முடிந்ததும் உச்சிவெயிலில் மகனை அதற்கடியில் மல்லாக்கப் படுக்க வைப்பார். மேலே எங்காவது ஒரு பொட்டு வெளிச்சம் தெரிந்தால் முதுகில் ஓர் அடி. இரண்டு பொட்டு என்றால் இரண்டு. அப்படிக் கற்ற கை அது.

மொட்டைப்பாறைக்கு அடியில் இருந்த மடத்துக்கு அவர் வியாழக்கிழமைதோறும் போவார். முற்றம் கூட்டுவார், தண்ணீர் இறைப்பார், குருவான மடத்துச் சாமி ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்வார். அன்று சித்திரை மாதத்துச் செவ்வாய்க்கிழமை. கிழமை தப்பி வந்து நின்றவரைச் சாமி ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன பந்தல்காரரே?"

"மக ஊரவிட்டுப் போறேன்னு நிக்கிறா சாமி."

மகள் பெயர் மங்கையர்க்கரசி. இரண்டு வருஷத்துக்கு முன் புருஷனை விபத்தில் பறிகொடுத்துவிட்டு அப்பா வீட்டுக்கு வந்தவள். இப்போது திருப்பூரில் ஒரு தையல் வேலை அமைந்திருக்கிறது. கூடப் படித்த தோழி வீட்டில் தங்கிக்கொள்ளலாம். வைகாசி பிறந்து முதல் திங்கட்கிழமை கிளம்ப வேண்டும்.

"நீங்க ஒரு வார்த்தை வேணாம்னா கேப்பா. உங்க மேல அவளுக்கு மரியாதை உண்டு."

"நீங்க சொன்னீங்களா?"

"சொன்னேன். நெலைக்கதவச் சாத்திட்டும் சொன்னேன். அன்னையிலருந்து சோறு வைக்கிறா, தண்ணி வைக்கிறா, பேச மாட்டேங்குறா." அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு வருஷமா அவ மேல வெயில் படாமப் பாத்துக்கிட்டேன் சாமி. கடைக்குக்கூட அனுப்புனதில்ல. நான் என்ன கொறை வச்சேன்?"

சாமி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வெயில்தான் இங்கேயும் தொல்லை. வாங்க."

மடத்துக்குப் பின்னால் முந்நூறு பைகளில் புங்கங்கன்றும் மருதங்கன்றும் நாலு விரற்கடை உயரத்துக்கு நின்றன. ஐப்பசி மழையில் பாறைச் சரிவில் நடுவதற்காகச் சாமி வளர்ப்பவை. போன வருஷம் வளர்த்தவை அத்தனையும் கத்திரி வெயிலில் கருகிப்போயின.

"இதுங்களுக்கு ஒரு நிழல் போட்டுக் கொடுங்க. இருபத்தொரு நாள் நீங்களே பாத்துக்கோங்க. அப்புறம் பதில் சொல்றேன்."

அழகுமலைக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. வேதாந்தம் ஏதாவது கேட்பாரோ என்று பயந்துகொண்டிருந்தவர், கேட்டது பந்தல்.

மறுநாள் காலையிலேயே மூங்கிலும் கீற்றும் வந்து இறங்கின. ஈசானி மூலையில் முதல் பந்தக்காலை நட்டு, மஞ்சள் பூசி, மாவிலையும் கட்டினார். கன்றுகளில் யாருக்குக் கல்யாணம் என்று சாமி கேட்கவில்லை. பழக்கம் அது, கை தானாகச் செய்துவிட்டது. மாப்பிள்ளைக் குடை இடிக்காத உயரத்துக்குக் கால் நட்டார். கீற்றை இரட்டை வரிசையாக வேய்ந்தார். நாலு பக்கமும் தட்டி வைத்து அடைத்தார். உச்சிவேளையில் உள்ளே போய் மல்லாக்கப் படுத்துப் பார்த்தார். ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. அப்பா இருந்தால் முதுகைத் தடவிக் கொடுத்திருப்பார் என்று நினைத்தபோது அவருக்குக் கண் கலங்கியது.

தினமும் வந்து தண்ணீர் தெளித்தார். கன்றுகள் மளமளவென்று வளர்ந்தன. ஒன்பதாம் நாள் ஒரு சாண் தாண்டிவிட்டன. ஓடிப்போய்ச் சாமியை அழைத்துவந்தார்.

"பாத்தீங்களா சாமி? கண்ணு முன்னாலயே வளருது."

சாமி குனிந்து ஒரு பையை எடுத்து அவர் கையில் கொடுத்தார். தண்டு ஊதுபத்திக் குச்சி போல இருந்தது. இலையில் பச்சையே இல்லை, அரிசி களைந்த தண்ணீரின் நிறம். அழகுமலை பையைக் கொஞ்சம் சாய்த்ததும் கன்று மடிந்து அவர் மணிக்கட்டின் மேல் விழுந்தது.

சாமி அந்தப் பையை வாங்கி வெளியே கட்டாந்தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். சாயங்காலம் பார்த்தபோது அது தரையோடு தரையாகக் கிடந்தது.

அழகுமலை சாமியைத் தேடிப் போனார். இத்தனை வருஷத்தில் அவர் பந்தலுக்குள் எதுவும் வாடியதில்லை.

"சாமி, அப்ப நெழலு கெடுதலா?"

"வெயில் கெடுதல்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"நிழல் கெடுதல்னு சொல்றது?"

"அதுவும் நான்தான்."

"ரெண்டு பக்கமும் ஒரே ஆளு சாட்சி சொன்னா நான் என்ன தீர்ப்பு சொல்றது?"

இந்தப் பதில் அவருக்கு எரிச்சலைத்தான் தந்தது. வயசுப் பையனுக்குக் கிண்டல் என்று முணுமுணுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். பாதைப் பக்கமாக இருந்த மேற்குப் பாதியில் கீற்று முழுவதையும் பிய்த்து எறிந்தார். பக்கத்துத் தட்டியையும் விட்டுவைக்கவில்லை. வெயில்தானே வேண்டும், வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் கன்றுகளிடம்.

மூன்றாம் நாள் அந்தப் பாதியில் அறுபது கன்றுகள் தீய்ந்து நின்றன. இலை ஓரமெல்லாம் அப்பளம் போல நொறுங்கியது. அழகுமலை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். யாரும் இல்லை என்ற தைரியத்தில் அழுதார். பிறகு அவசரமாக பழைய சாக்குகளைக் கொண்டுவந்து மிச்சக் கன்றுகளின் மேல் கட்டினார்.

அப்போதுதான் கிழக்கு மூலை கண்ணில் பட்டது. அங்கே ஒரு தட்டி கயிறு அவிழ்ந்து சாய்ந்து கிடந்தது. நாலைந்து நாளாகவே அப்படி இருந்திருக்க வேண்டும். தன் முடிச்சு அவிழ்ந்ததே என்று முதலில் வெட்கமாக இருந்தது. குனிந்து கட்டப்போனவர் கையை எடுத்துவிட்டார். அந்த மூலையில் இருந்த பத்துப் பன்னிரண்டு கன்றுகள் குட்டையாக, தடித்த தண்டோடு, கரும்பச்சையாக நின்றன. ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை.

தண்ணீர் ஊற்றியது ஒரே கை. மண்ணும் ஒன்றுதான். பிறகு ஏன்?

மறுநாள் விடியும்போதே வந்து அந்த மூலையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். சூரியன் எழுந்து சாய்ந்த தட்டியின் வழியாக உள்ளே வந்தது. கன்றின் மேல் விழுந்த வெயிலில் கையை நீட்டிப் பார்த்தார். சுடவில்லை. பத்து மணி சுமாருக்கு அது தானாக விலகிப்போனது. மத்தியானம் மூன்று மணிக்கு மேற்குப் பக்கம் போய் அதே கையை நீட்டினார். அரை நிமிஷம்கூட வைத்திருக்க முடியவில்லை.

"ரெண்டும் ஒரே சூரியன்தானே சாமி?" என்று போய்க் கேட்டார்.

"எனக்கு அப்படித்தான் தெரியும்."

"காலையில வர்றது ஒரு ஆளு, சாயங்காலம் வர்றது வேற ஆளு மாதிரில்ல இருக்கு."

"அட," என்றார் சாமி. அவருக்கு உண்மையிலேயே அது புதிதாக இருந்தது போலத்தான் முகம் சொன்னது.

அன்றிலிருந்து அழகுமலைக்கு வேறு நினைப்பே இல்லை. கீற்றை முழுக்க இறக்கிவிட்டார். கால்களை வெட்டிப் பந்தலை இடுப்புயரத்துக்குத் தாழ்த்தினார். மூங்கிலை இரண்டு விரல் அகலப் பட்டைகளாகப் பிளந்து, அதே அளவு இடைவெளி விட்டு மேலே வரிசையாகக் கட்டினார். கல்யாணப் பந்தலில் கழியைப் போடுகிற மாதிரியே கிழக்கு மேற்காகத்தான் போட்டார். தரையில் வெயில் ஒரு கோடும் நிழல் ஒரு கோடுமாக விழுந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் நேரம் ஆக ஆகக் கோடுகள் நகரவே இல்லை. வெயிலில் இருந்த கன்று வெயிலிலேயே நின்றது. நிழலில் இருந்தது நிழலிலேயே.

கோட்டின் ஓரத்தில் கூழாங்கல்லை வைத்துவிட்டு ஒரு நாள் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கல் வைத்த இடத்தை விட்டுக் கோடு அநேகமாக விலகவில்லை. சூரியன் போகிற திசையிலேயே பட்டையும் ஓடினால் நிழல் எப்படி நகரும் என்று அவருக்கே உறைத்தபோது நெற்றியில் அடித்துக்கொண்டார். நாற்பது வருஷம் நிழலை விற்றவருக்கு நிழல் நடக்கும் என்பது அன்றுதான் தெரிந்தது.

எல்லாவற்றையும் அவிழ்த்து வடக்கு தெற்காக மாற்றிக் கட்டினார். மறுபடி கூழாங்கல். கால் மணி நேரத்தில் கோடு கல்லைத் தாண்டிப் போய்விட்டது. ஒரு கன்றுக்குக் கொஞ்ச நேரம் வெயில், கொஞ்ச நேரம் நிழல், பிறகு மறுபடி வெயில். அழகுமலை தனியாக உட்கார்ந்து கெக்கெக்கே என்று சிரித்தார். மேற்குப் பக்கத்துக்கு மட்டும் நெருக்கமான ஒரு தட்டியை வைத்து இறுகக் கட்டினார். கிழக்கைத் திறந்தே விட்டார்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது அதையே வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். சுவரிடம் சொல்வதாகத்தான் நினைப்பு. மகள் குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"மேக்க மட்டும் ஏன்பா அடைச்சே?"

பதினெட்டு நாளுக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை. அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டார். சாயங்கால வெயிலின் சூட்டை விளக்கினார். அவள் உட்கார்ந்து கேட்டாள். பட்டைக்கு இடைவெளி எத்தனை விரல் என்று கேட்டாள். செடி பெரிசானால் பட்டையைக் கழற்றிவிடலாமா என்று கேட்டாள். ஒன்று விட்டு ஒன்றாகக் கழற்றலாம் என்றார். இவளுக்கு இத்தனை கேட்கத் தெரியும் என்பதையே அவர் மறந்துபோயிருந்தார்.

மடத்துப் பாதையில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டு, "என்னண்ணே, நீ கட்டுன பந்தலா இது? ஒரே ஓட்டையா இருக்கு" என்றார்.

"அளந்து விட்ட ஓட்டை. போய் வேலயப் பாரு" என்றார் அழகுமலை.

இருபத்தொன்றாம் நாள் சாமி கன்றுகளைச் சுற்றி வந்தார். புதிதாக விட்ட கொழுந்துகள் கரும்பச்சையாக இருந்தன. செத்தவை போக இருநூற்று முப்பத்தொன்பது தேறும் என்று அழகுமலையே ஒப்புக்கொண்டார். இருவரும் பந்தல் ஓரத்தில் உட்கார்ந்தார்கள்.

"கேளுங்க," என்றார் சாமி.

"அவளத் தடுக்கச் சொல்லிக் கேக்க மாட்டேன் சாமி. அது போச்சு. திங்கக்கெழம பஸ் ஏத்திவிட நானே போறேன்."

"அப்புறம் என்ன?"

அழகுமலை தரையைப் பார்த்தார்.

"ஒண்ணுதான் மனசப் போட்டு அறுக்குது. தாயில்லாப் புள்ளைய நாந்தான் வளத்தேன். என்னத் தனியா விட்டுட்டுப் போறேன்னு சொல்ல அவளுக்கு எப்பிடி வாய் வந்துச்சு?"

"அவ என்ன சொன்னா? அவ சொன்ன வார்த்தையை மாத்தாம அப்படியே சொல்லுங்க."

அழகுமலை யோசித்தார். அதை முதன்முதலாகச் சொன்ன காலையில் அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே அடுப்படி வாசலில் வந்து நின்றாள். அவர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"'திருப்பூர் போயிட்டு வரேம்ப்பா'ன்னா."

"என்கிட்ட வந்து 'போறேன்னு நிக்கிறா'ன்னு சொன்னீங்க," என்றார் சாமி. "அவ 'வரேன்'னு சொன்னதை எங்க விட்டீங்க?"