அரவை மில் நால்வர் தீவுக்குப் போய்வந்தது

சுக்காம்பாறை அரவை மில்லில் வேலை பார்த்த நால்வரைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் நல்லவர்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது உத்தமம். பிறகு அதைச் சொல்ல இடம் கிடைக்காது.

தவசிலிங்கம் மூத்தவர், நெல் கொட்டுகிறவர். ஒச்சப்பன் தவிடு அள்ளுகிறவர். வெள்ளைக்கண்ணு மூட்டை தைக்கிறவர். நல்லகுரும்பனுக்கு இன்ன வேலை என்று கிடையாது. மற்ற மூவரும் ஒரு முடிவுக்கு வரும் நேரத்தில் ஒரு சந்தேகம் கேட்பது அவர் பொறுப்பு. இருபத்தாறு வருஷம் மில் சத்தத்திலேயே இருந்ததால், இவர்கள் வீட்டில் சாப்பிடும்போது உப்பு கேட்டால் பக்கத்துத் தெருவிலிருந்து உப்பு வரும்.

ஒருநாள் தவசிலிங்கத்துக்குத் தலை சுற்றியது. டாக்டர் பார்த்துவிட்டு, "ஒரு நாளாவது சத்தமே இல்லாத இடத்துல போய் இருங்க" என்றார். மில் முதலாளி இளகிய மனசுக்காரர். நண்டுமுனைத் தீவின் அமைதியான பக்கத்தை ஒரு நாள் முழுக்கச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று பேப்பரில் பார்த்து, நால்வருக்கும் சேர்த்தே ஏற்பாடு செய்தார். தவசிலிங்கத்தை மட்டும் அனுப்பினால் மற்ற மூவரும் ஊரிலிருந்தே அவரைக் கூப்பிட்டுப் பேசிக்கொண்டிருப்பார்கள். அது தீவுக்கும் கேட்கும் என்பது முதலாளியின் பயம்.

"சலேத்தம்மான்னு ஒருத்தங்க கூட்டிட்டுப் போவாங்க. அவங்க சொல்றதை அப்படியே கேக்கணும். நடுவுல உங்க மூளையைக் கொண்டு வரக்கூடாது" என்று சொல்லி அனுப்பினார்.

நால்வருக்கும் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது.

சலேத்தம்மாவுக்கோ அன்றைக்குத்தான் பாரம் ஏறியிருந்தது. நண்டுமுனைத் தீவின் முன்பக்கம் பாட்டும் பொரித்த மீனும் ராட்டினமுமாக இருக்கும். பின்பக்கத்தில் அலையாத்திக் காடும், ஆளில்லாத கரையும், ஆலாப் பறவைகள் மணலில் முட்டையிடும் ஒரு திட்டும் உண்டு. அங்கே ஆட்களைக் கூட்டிப்போக அனுமதி கேட்டு அவர் இரண்டு வருஷம் நடையாய் நடந்தார். கடைசியில் ஒரு அதிகாரி, "ஒரு நாள் நடத்திக் காட்டுங்க. சாயங்காலம் நானே வந்து ஆட்களை விசாரிப்பேன். ஒரு முட்டை உடைஞ்சாலும், ஒரு ஆளுக்கு அடிபட்டாலும் அனுமதி கிடையாது" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு நாள்தான் இது. காலையில் மாதா கோயிலில் மூன்று மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தவர், படகுத்துறையில் நால்வரைப் பார்த்ததும் இன்னும் ஒன்று ஏற்றியிருக்கலாமோ என்று நினைத்தார்.

படகை ஓட்டுகிறவர் அவர் கணவர் மிக்கேல். பேசாத மனிதர். வீட்டில் பேச்சு வேலை முழுவதையும் சலேத்தம்மா எடுத்துக்கொண்டதால் அவருக்கு மிச்சம் எதுவும் இருக்கவில்லை.

"எல்லாரும் ஒரே பக்கமா உக்காந்தா படகு சாஞ்சிரும்ணே. ஆளுக்கொரு பக்கமா உக்காருங்க" என்றார் சலேத்தம்மா.

நால்வரும் படகைச் சுற்றிப் பார்த்தார்கள்.

"படகுக்கு எத்தனை பக்கம்?" என்றார் தவசிலிங்கம்.

"முன்பக்கம், பின்பக்கம், இடப்பக்கம், வலப்பக்கம். நாலு" என்றார் ஒச்சப்பன்.

"நம்மளும் நாலு பேர். கணக்குப் பண்ணித்தான் செஞ்சிருக்காங்க" என்று வெள்ளைக்கண்ணு வியந்தார்.

"அப்போ அவங்க ரெண்டு பேருக்கும்?" என்றார் நல்லகுரும்பன்.

அவர்களுக்குப் பக்கம் இல்லை என்பது வருத்தமான விஷயம்தான். ஆனாலும் சொன்னது சொன்னதுதான். நால்வரும் ஆளுக்கொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். பின்பக்கம் வெள்ளைக்கண்ணுவுக்கு விழுந்ததால், மிக்கேல் அவர் தோளுக்கு மேலே கையை நீட்டி என்ஜினைப் பிடித்தபடி தீவு வரைக்கும் ஓட்டினார்.

பின்பக்கக் கரையில் இறங்கியதும் சலேத்தம்மா விரலை உதட்டில் வைத்தார்.

"இதுதான் அமைதியான பக்கம். ஆலா முட்டை வெச்சிருக்கு. சத்தம் கேட்டா அதை விட்டுட்டுப் போயிரும். ஒரு சத்தமும் வரக்கூடாதுண்ணே. அவசரம்னா கையைத் தூக்குங்க, நான் வாறேன்."

நால்வரும் தலையாட்டினார்கள். பத்தடி நடந்ததும் தவசிலிங்கம் நின்றார். கீழே காய்ந்த சிப்பி. கால் வைத்தால் நொறுக்கு நொறுக்கென்று கேட்டது. அவர்கள் தலைகளை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகக் குசுகுசுத்தார்கள்.

"நாலு பேர் நடந்தா எட்டுக்கால் சத்தம்" என்றார் ஒச்சப்பன். "ரெண்டு பேர் ரெண்டு பேரைத் தூக்கிட்டா நாலுகால் சத்தந்தான்."

"பாதிக்குப் பாதி மிச்சம்" என்றார் தவசிலிங்கம்.

"மூணு பேரை ஒருத்தன் தூக்கினா?" என்றார் நல்லகுரும்பன்.

அது லாபம்தான் என்றாலும், அந்த ஒருத்தன் யார் என்று தெரியாததால் முதல் யோசனையே நிலைத்தது. சலேத்தம்மா திரும்பிப் பார்த்தபோது தவசிலிங்கம் ஒச்சப்பன் முதுகிலும், நல்லகுரும்பன் வெள்ளைக்கண்ணு முதுகிலும் வந்துகொண்டிருந்தார்கள். கனம் கூடியதால் சிப்பி முன்னைவிட இரண்டு மடங்கு நொறுங்கியது. இறங்கச் சொன்னால் பேச வேண்டியிருக்கும், பேசினால் பதில் வரும் என்று பயந்து, சலேத்தம்மா பேசாமல் நடந்தார்.

மதியம் தென்னை நிழலில் இலை போட்டு, சோறும் மீன் குழம்பும் வைத்தார். "நேரா கடலைப் பாருங்கண்ணே. அதைப் பார்த்துக்கிட்டே சாப்பிடுங்க. அப்படி ஒரு சுகம் எங்கேயும் கிடையாது."

நால்வரும் கடலைப் பார்த்தார்கள். பார்த்துக்கொண்டே சாப்பிட்டார்கள். கண்ணைக் கீழே இறக்கவில்லை. ஒச்சப்பன் கை தவசிலிங்கத்தின் இலைக்குப் போனது; தவசிலிங்கத்தின் கை மணலுக்குப் போனது. வெள்ளைக்கண்ணு சட்டைப்பைக்குள் குழம்பு ஊற்றி, அதையும் பிசைந்தார். நல்லகுரும்பனின் மீனை ஒரு காக்கை நிதானமாக உட்கார்ந்து தின்றது. முள்ளை மட்டும் அது இலையில் வைத்துவிட்டுப் போனது.

"சுகம் எப்படி?" என்றார் சலேத்தம்மா.

"கடல் நல்லா இருக்கு தாயி. சோறுதான் கொஞ்சம் நறநறங்குது" என்றார் தவசிலிங்கம்.

சாப்பாடு முடிந்து ஆலாத் திட்டுக்குப் போனார்கள். தீவையும் திட்டையும் இணைப்பது ஒரு ஒடுங்கின மணல்பாதை. தண்ணீர் இறங்கியிருக்கும்போது நடந்து போகலாம். ஏறிவிட்டால் பாதை மூழ்கிவிடும். ஆலா கூடு கட்டுவதில்லை. மணலிலேயே, மணல் நிறத்திலேயே முட்டையிடும். பார்த்தால் கூழாங்கல் மாதிரி இருக்கும்.

சலேத்தம்மா பாதை தொடங்கும் இடத்தில் நின்று திரும்பினார். "அண்ணே, இது ஒண்ணை மட்டும் கேளுங்க. திரும்பக் கரை சேர்ற வரைக்கும் நான் கால் வெச்ச இடத்துலதான் கால் வைக்கணும். வேற எங்கேயும் வைக்கக்கூடாது. எனக்கு இது வாழ்வா சாவா."

தவசிலிங்கம் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். அப்படியே ஆகட்டும் என்று அர்த்தம்.

அன்றைக்கு நடந்தது மாதிரி அவர்கள் அதற்கு முன்பு நடந்ததில்லை. நான்கு தலைகளும் குனிந்தே இருந்தன. சலேத்தம்மா முள் குத்தி நொண்டியபோது நால்வரும் அதே இடத்தில் நொண்டினார்கள். தலைக்கு மேலே முந்நூறு ஆலாக்கள் வெள்ளை வெளேரென்று சுழன்றன. சலேத்தம்மா மேலே கையைக் காட்டிக் காட்டி ஓய்ந்துபோனார். ஒருவரும் நிமிரவில்லை. ஒரு முட்டைகூட உடையவில்லை.

திரும்பி வரும்போதுதான் சங்கடம். கடல் ஏற ஆரம்பித்திருந்தது. சலேத்தம்மா வேகமாக முன்னே போய்விட்டார். மணல்பாதையின் நடுவில் ஒரு அலை குறுக்கே வந்து, அவர் காலடிகளை எல்லாம் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் போனது.

நால்வரும் நின்றார்கள்.

"காலடி எங்கே?" என்றார் தவசிலிங்கம்.

"இங்கதான் இருந்துச்சு" என்றார் ஒச்சப்பன்.

தண்ணீர் முழங்காலுக்கு வந்தது.

"தாயியைக் கூப்பிடலாமா?"

"கூப்பிட்டா சத்தம். ஆலா பறந்துரும்."

"நாமளா ஒரு எட்டு வெச்சுப் பார்க்கலாமே?" என்றார் வெள்ளைக்கண்ணு.

"அடியில முட்டை இருந்தா?" என்றார் நல்லகுரும்பன்.

தண்ணீர் இடுப்புக்கு வந்தது. தவசிலிங்கத்துக்கு நீச்சல் தெரியாது. மற்ற மூவருக்கும் தெரியாது. ஊரில் இருக்கிற மனைவியையும் இன்னும் கட்டிக்கொடுக்காத மகளையும் நினைத்து அவர் கண் கலங்கினார். ஆனாலும் காலை எடுக்கவில்லை.

"அந்தப் பொம்பளைக்கு வாழ்வா சாவான்னு சொல்லிச்சே" என்றார்.

அதில் நல்லகுரும்பனுக்கே சந்தேகம் எழவில்லை. நால்வரும் கையை மட்டும் தூக்கினார்கள்.

கரையேறிய சலேத்தம்மா திரும்பிப் பார்த்தார். கடலுக்கு நடுவே நால்வர் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள். 'பாவம், எவ்வளவு சந்தோஷம்!' என்று அவரும் கையை ஆட்டினார். தண்ணீர் நெஞ்சுக்கு ஏறியபோதுதான் அவருக்கு விஷயம் உறைத்தது. ஓடினார். மிக்கேல் படகைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"வாங்கண்ணே! ஏன் நிக்கிறீங்க?"

"உங்க காலடியைக் காணோம் தாயி" என்றார் தவசிலிங்கம். "சத்தியமா நாங்க எடுக்கலை."

"படகுல ஏறுங்க!"

நால்வரும் படகுக்குள் எட்டிப் பார்த்தார்கள். உலர்ந்த பலகை. அதில் சலேத்தம்மாவின் கால் பட்ட தடமே இல்லை. அவர்கள் அசையவில்லை. சலேத்தம்மா தாவி ஏறி, ஈரக்காலைப் பலகையில் அழுத்திக் காட்டினார். உடனே தவசிலிங்கம் ஏறி அந்த இடத்தில் கால் வைத்தார். அடுத்து ஒச்சப்பன் அதே இடத்தில், அதாவது தவசிலிங்கத்தின் காலின் மேல். அதற்கு மேல் வெள்ளைக்கண்ணு. நல்லகுரும்பன் ஏறியதும் நால்வரும் ஒரே தூணாகி, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

மிக்கேல் அன்றைக்கு ஒரே ஒரு வாக்கியம் பேசினார்: "சலேத்து, படகு பூரா ஒருதடவை நடந்து வெச்சிரு."

அவர் நடந்து வைத்தார். நால்வரும் உட்கார்ந்தார்கள்.

பாத்திரங்களை எடுக்கப் படகு கடைசியாகத் தென்னங்கரையில் நின்றது. "இங்க இருந்து எதையும் எடுத்துட்டுப் போகாதீங்க. எதையும் விட்டுட்டும் போகாதீங்க" என்று சலேத்தம்மா பழக்கதோஷத்தில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் நால்வரும் கால்விரல் இடுக்கிலிருந்து மணலை உதிர்க்க ஆரம்பித்திருந்தார்கள்.

"தின்ன மீன் வயித்துக்குள்ள இருக்கே, அது எடுத்துட்டுப் போறதுதானே?" என்றார் ஒச்சப்பன்.

எல்லோரும் கவலையோடு தங்கள் வயிற்றைப் பார்த்தார்கள்.

"மூச்சு?" என்றார் நல்லகுரும்பன். "இழுத்தா எடுக்கிறோம். விட்டா விட்டுட்டுப் போறோம்."

இது பெரிய அடியாக விழுந்தது. நால்வரும் வாயை மூடி மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். முகம் கத்திரிக்காய் நிறத்துக்குப் போனது.

"அண்ணே! மீன் முன்பக்கத்துல பிடிச்சது, இந்தப் பக்கத்துச் சொத்து இல்லை! மூச்சு நீங்க ஊர்ல இருந்து கொண்டு வந்தது, அதைத்தான் திருப்பிக் கொண்டு போறீங்க!" என்று சலேத்தம்மா கத்தினார்.

நால்வரும் நிம்மதியாக மூச்சு விட்டார்கள். தனக்கு இப்படியெல்லாம் பேச வருகிறதே என்று சலேத்தம்மாவுக்குத்தான் திகிலாக இருந்தது.

படகுத்துறையில் அதிகாரி குறிப்பேட்டோடு நின்றார். நனைந்து, குழம்பும் மணலுமாக இறங்கிய நால்வரையும் மேலும் கீழும் பார்த்தார்.

"அமைதியான பக்கம் எப்படி இருந்துச்சு?"

"தெரியலைங்க" என்றார் தவசிலிங்கம். "தலையைத் தூக்கலை."

"பறவை?"

"பார்க்கலைங்க."

"முட்டை?"

"ஒண்ணும் உடையலைங்க."

"சத்தம் போட்டீங்களா?"

"ஒச்சப்பன் வயிறு ஒருதடவை போட்டுச்சுங்க. கண்டிச்சுட்டோம்."

சலேத்தம்மா கண்ணை மூடிக்கொண்டார். அதிகாரி எழுதுவதை நிறுத்தினார். பதினெட்டு வருஷ வேலையில் அவர் பார்த்த பயணிகள் சங்கு எடுத்துப் போனார்கள், பவளம் உடைத்துப் போனார்கள். ஒருவர் கடலாமை மேல் ஏறிப் படம் எடுத்துக்கொண்டார். பார்க்காமலேயே வருகிற பயணிகளை அவர் கண்டதில்லை. "இந்த மாதிரி ஆட்களா வந்தா தீவு ஆயிரம் வருஷத்துக்கு நல்லா இருக்கும்" என்று சொல்லி அங்கேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சலேத்தம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. நால்வரையும் கையெடுத்துக் கும்பிட்டார். "உங்களாலதான்ணே கிடைச்சுது. மகராசனா போயிட்டு வாங்க."

நால்வரும் பஸ் ஏறி ஊருக்குப் போனார்கள். மில் கேட்டைத் தொட்டார்கள். அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார்கள்.

மறுநாள் காலை துறையில் அவர்களைப் பார்த்த சலேத்தம்மா திடுக்கிட்டு, "என்னண்ணே, எதையாவது மறந்துட்டீங்களா?" என்றார்.

"இல்லை தாயி. போயிட்டோம், வந்துட்டோம்."

அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் முகத்தில் அடித்தாற்போல் 'போங்க' என்று சொல்ல எந்தத் தமிழச்சிக்கும் நாக்கு வராது. "சரிண்ணே, போயிட்டு வாங்க" என்றார்.

இப்படி ஒன்பது தடவை நடந்தது. பத்தாம் நாள், புதுப் பயணிகளை ஏற்றிக்கொண்டு படகு கிளம்பிய நேரத்தில், நால்வரும் துறையில் வேகமாக நடந்து வருவது தெரிந்தது. அதற்குள் சலேத்தம்மா விஷயத்தைப் புரிந்துகொண்டிருந்தார். படகிலிருந்து எழுந்து நின்று இரண்டு கையையும் ஆட்டி, "அண்ணே, வராதீங்க! அங்கேயே இருங்க!" என்று கத்தினார்.

நால்வரும் நடந்த நடையில் நின்றார்கள். தவசிலிங்கத்தின் ஒரு கால் அந்தரத்தில் இருந்தது.

"இருக்கிறதுன்னா உக்காந்தா, நின்னுக்கிட்டா?" என்றார் ஒச்சப்பன்.

"அதைச் சொல்லலையே" என்றார் வெள்ளைக்கண்ணு.

"எதுவரைக்கும்னும் சொல்லலையே" என்றார் நல்லகுரும்பன்.

நண்டுமுனைக்குப் போகிறவர்கள் துறையில் நால்வரைப் பார்க்கலாம். இரண்டு பேர் உட்கார்ந்திருப்பார்கள், ஒருவர் நின்றுகொண்டிருப்பார். தவசிலிங்கம் இன்னும் அந்தக் காலைக் கீழே வைக்கவில்லை.