தூசி குடித்த ஒளி

வானத்தின் ஒரு கோடியில் பெரிய விண்மீன் ஒன்று இருந்தது. தன் கனத்தைத் தானே தாங்க முடியாத நாள் வந்தபோது அது உள்ளே சரிந்து, வெடித்துச் சிதறிச் செத்தது.

அந்தச் சாவின் வயிற்றிலிருந்து பல பிறந்தன. அவற்றுள் நிக்கல் கூட்டம் பெரிது. பிறந்த கொஞ்ச நாளிலேயே நிக்கல் எரிந்து கோபால்ட் ஆனது. கோபால்ட்டும் அதிக காலம் தாங்காமல் எரிந்து இரும்பாயிற்று. அவை எரிந்த வெளிச்சத்தை எத்தனையோ உலகங்கள் அண்ணாந்து பார்த்தன. வெளிச்சம் அடங்கியதும் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

இரும்பிடம் இனி எரிய ஒன்றுமில்லை. விரிந்துகொண்டே போகும் புகைக்கு நடுவே அது குளிரில் விறைத்துக் கிடந்தது.

அப்போது ஒரு பொறி தெறித்து அதன்மேல் விழுந்தது. இரும்புக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. திரும்பிப் பார்த்தால், பக்கத்தில் டைட்டானியம் குடும்பம். நிக்கலோடு கூடப் பிறந்தவைதான். ஆள் குறைவு, ஆயுள் நீளம். அவற்றுள் ஒன்று சாகும்போதெல்லாம் இப்படி ஒரு பொறி தெறிக்கும். அந்தச் சூட்டில்தான் இரும்பு காலம் தள்ளியது. சூடேறிய அதன் உடம்பிலிருந்து அகச்சிவப்பு ஒளி கசியும். கண்ணுக்குத் தெரியாத ஒளிதான். ஆனாலும் பார்க்கத் தெரிந்தவர்களுக்கு அது இரும்பின் ஒளி என்று அடையாளம் தெரியும்.

அடுத்தவர் சாவில் குளிர்காய்கிறோமே என்று இரும்புக்கு மனசு உறுத்தியது. மூத்த டைட்டானியத்திடம் ஒருநாள் அதைச் சொல்லிவிட்டது.

"நீ குளிர்காயாவிட்டாலும் நாங்கள் சாகத்தான் போகிறோம், தம்பி," என்றது டைட்டானியம். "உன் ஒளியை யாராவது அளந்தால், நாங்கள் எத்தனை பேர் இருந்தோம் என்று கணக்கிட முடியும். அந்த ஒளியை மட்டும் வெளியே போகவிடு."

"என்மேல் படும் சூடெல்லாம் ஒளியாய்ப் போய்ச் சேரும், அக்கா," என்று இரும்பு வாக்குக் கொடுத்தது.

காலம் போனது. புகை ஆறித் திரண்டு தூசி பிறந்தது. பிறக்கும்போதே அதற்கு நடுக்கம். கொஞ்சம் ஒட்டி உட்கார்ந்துகொள்ளட்டுமா என்று இரும்பிடம் கெஞ்சியது. குளிரென்றால் என்னவென்று இரும்புக்குத் தெரியும். நகர்ந்து இடம் கொடுத்தது.

தூசி பெருகியது. இரும்பைச் சுற்றிச் சுற்றி மூடியது. கசியும் ஒளியையெல்லாம் அது விழுங்கி, தன் பங்குக்கு மங்கலான வெப்பமாக வெளியே விட்டது. அந்த வெப்பத்தில் யாருடைய அடையாளமும் இல்லை.

இரும்பு தன் வாக்கைச் சொல்லி, கொஞ்சம் விலகச் சொன்னது.

"செத்தவர்களுக்குக் கணக்கு எதற்கு?" என்றது தூசி. "குளிர்கிறது எனக்கு."

அதைப் பிடித்துத் தள்ள இரும்புக்கு மனம் வரவில்லை.

மூத்த டைட்டானியமும் செத்தது. அதன் பொறி விழுந்ததும் இரும்பு தன்னால் ஆன மட்டும் ஒளிர்ந்தது. பால் குடிக்கும் பிள்ளையைப்போலத் தூசி அதையும் கண்மூடிக் குடித்துத் தீர்த்தது.

எவ்வளவோ தூரத்தில், பூமிக்கு மேலே சுற்றிய ஓர் அகச்சிவப்புத் தொலைநோக்கி அந்தத் திசைக்குத் திரும்பியது. அதை இயக்கியவள் இளநங்கை என்ற ஆய்வாளர். தொலைநோக்கி நெடுநேரம் தேடிவிட்டு, தூசியின் வெப்பம் தெரிகிறது, இரும்பின் ஒளி தெரியவில்லை என்று சொன்னது. தூசிக்குப் பின்னால் இருக்கக்கூடுமே என்றும் கேட்டது.

இருக்கலாம், ஆனால் பார்க்காததை எண்ண முடியாது என்றாள் அவள். இரும்பு எவ்வளவு மங்கலாக இருந்தால் தொலைநோக்கிக்குத் தெரியாமல் போகும் என்று பார்த்து, அதை வைத்துக் கணக்குப் போட்டாள்.

"டைட்டானியம் அதிகபட்சம் இவ்வளவு இருந்திருக்கலாம்," என்று முடிவைப் படித்தாள்.

"குறைந்தபட்சம்?" என்று கேட்டது தொலைநோக்கி.

"ஒன்றுகூட இல்லாமலும் இருந்திருக்கலாம்," என்றாள் இளநங்கை.