லில்லிப் பூவுக்கு ஒரு பகல்

அந்தக் காலத்தில், செடிகொடிகளும் வாய் திறந்து பேசிய நாளில், லில்லிப் பூவுக்கு வாட்டம் என்பதே கிடையாது. ஒருமுறை மலர்ந்தால் மழையிலும் பனியிலும் அதே ஆரஞ்சு நிறத்தோடு ஆண்டுக்கணக்கில் நிற்கும்.

அப்போது ஒரு மலைச்சரிவில் வேலாத்தா என்றொருத்தி இருந்தாள். கணவன் இறந்த பிறகு அவளுக்கு மிஞ்சியது மகள் மயிலி மட்டும்தான். மயிலி வீட்டு முன்னால் வெயில் படும் இடமாகப் பார்த்து, மண்ணைக் கொத்தி, மக்கிய சாணம் கலந்து, லில்லி ஒன்றை நட்டாள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடும் என்று சுற்றிலும் வடிகால் கீறிவிட்டாள். செடி தழைத்து ஒரு பூ பூத்தது. பக்கத்தில் மொட்டுகள் நிறைய இருந்தன. ஆனால் முதல் பூ போகாததால் அவற்றுக்கு முறை வரவே இல்லை.

மயிலி அந்தப் பூவிடம் தன் அப்பாவைப் பற்றிப் பேசுவாள். அம்மாவிடம் பேசினால் அம்மா அழுதுவிடுவாள்.

ஒரு மழைக்காலத்தில் மயிலி காய்ச்சலில் விழுந்தாள். எந்தக் கஷாயத்துக்கும் அது கேட்கவில்லை. ஒரு நாள் காலையில் தண்ணீர்கூடத் தொண்டையில் இறங்காமல் வழிந்தபோது, வேலாத்தா ஓடிவந்து செடியின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள்.

"மயிலி ஏன் வருவதே இல்லை?" என்று பூ கேட்டது.

"பிழைக்க மாட்டாள் போலிருக்கிறது. உனக்குத்தான் முடிவில்லாமல் நாள் கிடக்கிறதே, அவளுக்குக் கொஞ்சம் கொடேன்."

பூ அவள் பக்கம் திரும்பியது. பிறகு, "கொடுத்தால் எனக்கும் எனக்குப் பின் வரும் பூக்களுக்கும் உள்ள நாளெல்லாம் போய்விடும், அம்மா. இந்த ஒரு பகலை மட்டும் வைத்துக்கொள்கிறேன். அவளை ஒருமுறை பார்க்க வேண்டும்" என்றது.

அதன் பொருள் வேலாத்தாவுக்குப் புரிந்தது. புரிந்தும், "கொடு" என்றாள்.

முற்பகலிலேயே மயிலிக்கு வேர்த்துக் காய்ச்சல் விட்டது. அம்மா அவளைத் தூக்கிவந்து செடியருகே உட்கார வைத்தாள்.

"உன் குரல் ஏன் கம்மியிருக்கிறது?" என்று மயிலி கேட்டாள்.

"ஒன்றுமில்லை. அப்பா உன்னைத் தோளில் வைத்துத் திருவிழாவுக்குக் கூட்டிப்போனதைச் சொல்லேன்."

அவள் சொல்லிக்கொண்டே இருந்தாள். பொழுது சாய்கையில், கதை முடியுமுன்னே, பூ இதழ்களை மூடிக்கொண்டது. தூங்குகிறது என்று மயிலி நினைத்தாள். வாசலில் நின்ற வேலாத்தா வந்து அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் காலையில் அது ஈரத்துணி போலத் துவண்டு தொங்கியது. பக்கத்தில் ஒரு மொட்டு விரிந்திருந்தது.

"உனக்கு என்ன ஆயிற்று?" என்று மயிலி பதறினாள்.

புதுப் பூ அவளைப் பார்த்தது. "நீ யார்?" என்று கேட்டது.

அப்போதுதான் வேலாத்தா எல்லாவற்றையும் சொன்னாள். மயிலி அன்று முழுக்க அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. வாடிய பூவைக் காம்பு நோகாமல் கிள்ளி எடுத்து, செடியின் அடியிலேயே புதைத்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு புதுப் பூவிடம், "நான் மயிலி" என்றாள்.

சாயங்காலம் அதுவும் போயிற்று. மறுநாள் வேறொரு பூவிடம் மறுபடியும் பெயரைச் சொன்னாள். நெடுநாள் வாழ்ந்தாள் மயிலி. அப்பாவின் கதையை மட்டும் பிறகு எந்தப் பூவிடமும் சொல்லவில்லை.

அன்று முதல்தான் பகல் லில்லி என்கிற இந்த லில்லிப் பூ ஒரு பகலுக்கு மேல் நிற்பதில்லை. அதை வளர்ப்பவர்களும் காலையில் வாடியதைக் கையால் மெல்லக் கிள்ளிவிட்டு, புதிதாய் விரிந்ததன் முன்னால் சற்று நேரம் நிற்கிறார்கள்.