ஓகே என்றாள் மகள்

சிறுமலை அடிவாரத்தில் அரசியம்மாவின் ஆசிரமம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு ஓட்டு வீடு, ஒரு கிணறு, சில கொய்யா மரங்கள், அவ்வளவுதான். அம்மாவுக்கு நாற்பது வயது. சீடர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள். அதிலும் மூத்தவர் வேலாயுதம் வாத்தியார். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தி ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் தேன்மொழி கல்யாணமாகிப் புனேயில் இருக்கிறாள்.

ஒரு நாள் காலையில் வாத்தியார் செல்போனும் கையுமாக வந்து நின்றார்.

"ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேக்கணும்மா."

"என்ன வார்த்தை?"

"ஓகே."

அம்மா சிரித்துவிட்டார். "எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷே அது ஒண்ணுதான். அதைப் போய் வாத்தியார் என்கிட்ட கேக்கறீங்களே."

வாத்தியார் சிரிக்கவில்லை.

"சம்மதம்னா ஓகே. சுமாரா இருக்குன்னாலும் ஓகே. சொன்னது காதுல விழுந்துச்சுன்னாலும் ஓகே. போதும், ஆளை விடுன்னாலும் அதேதான். பிள்ளைகளுக்கு இதை ஒரு பீரியட் முழுக்க நடத்தியிருக்கேன். என் மக எந்த அர்த்தத்துல எழுதறான்னுதான் எனக்குப் புரியல."

"என்ன எழுதறா?"

"நான் எது அனுப்பினாலும் ஓகே. அதுக்கு மேல ஒரு எழுத்து கிடையாது. முந்தாநாள் பின்னாடி ஒரு முற்றுப்புள்ளி வச்சிருந்தா. அது கோபமாம்மா?"

மீதியையும் வாத்தியாரே சொன்னார். ஆடி மாதம் தேன்மொழிக்கு வயிற்றில் இருந்த பிள்ளை தங்கவில்லை. அப்போது அவளுக்கு ஐந்து மாதம். முழங்கால் வலியோடு அவ்வளவு தூரம் ரயிலில் போக இவரால் முடியவில்லை. போன் செய்தால் மருமகன்தான் எடுக்கிறார், தூங்குகிறாள் மாமா என்கிறார். அதனால் தினமும் மெசேஜ் அனுப்புகிறார். தினமும் அதே ஓகே.

"அப்பன்னு ஒருத்தன் இருக்கறதே அவளுக்குத் தொந்தரவு போலிருக்கு. இனிமே எழுதறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன்."

சொல்லிவிட்டுப் போனைத் திறந்து மறுபடி பார்த்தார். முடிவு எடுத்தவர் செய்கிற மாதிரி இல்லை.

அம்மா திண்ணையில் இருந்த புளிக்கூடையை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"முடிவை நாளைக்கு வச்சுக்குங்க, ஐயா. இன்னைக்கு ஒரு வேலை. நான் எது சொன்னாலும் ஓகேன்னு மட்டும் பதில் சொல்லணும். வேற பேச்சு கிடையாது."

"அவ்வளவுதானா?"

அம்மா கண்டிப்பாகப் பார்த்தார்.

"ஓகே" என்றார் வாத்தியார்.

"அந்தப் புளியில கொட்டை எடுத்து வைங்க."

"ஓகே."

"வெயில்ல உக்காராதீங்க. தலை சுத்தும்."

வாத்தியார் உட்கார்ந்திருந்தது நிழலில்தான். அதைச் சொல்ல வாயெடுத்தார். பிறகு "ஓகே" என்றார்.

"முழங்காலுக்கு முடக்கத்தான் கீரை அரைச்சு தோசை சுட்டுச் சாப்பிடுங்க."

முடக்கத்தான் தோசை சாப்பிட்டுச் சாப்பிட்டு அவருக்குப் பச்சை நிறத்தைக் கண்டாலே ஆகாமல் போய்விட்டது. வலி மட்டும் அப்படியே இருந்தது. இந்தம்மாவுக்கு என்ன தெரியும் என்று எரிச்சல் வந்தது.

"ஓகே."

"பழைய கவலையெல்லாம் மனசுல போட்டுக் குழப்பிக்கக் கூடாது. தைரியமா இருங்க."

"ஓகே."

மதியத்துக்கு மேல் அந்த வார்த்தையைச் சொல்வதில் சிரமமே இல்லை. அம்மா பாதி சொல்லும்போதே ஓகே வந்துவிட்டது. அம்மா என்ன சொன்னார் என்று இரண்டு மூன்று தடவை அவருக்குத் தெரியவே இல்லை.

சாயங்காலம் கிணற்றடியில் அம்மா கை கால் கழுவிக்கொண்டிருந்தார். வாத்தியார் சுவரைப் பிடித்தபடி வீட்டுப் படியில் ஒவ்வொரு காலாக எடுத்துவைத்து வந்தார்.

"முழங்கால் எப்ப ரொம்ப வலிக்குது ஐயா? ஏறும்போதா, இறங்கும்போதா?"

வாத்தியார் ஓகே சொல்ல வாயைத் திறந்தார். அது வரவில்லை.

"இறங்கும்போதுதாம்மா" என்றார். "ஏறிடுவேன். இறங்கறப்பதான் உயிர் போகுது. அதைவிட பாத்ரூம்ல. உக்காந்தா எந்திரிக்க முடியாது. கதவுப் பிடியைப் பிடிச்சுத் தொங்கித்தான் எந்திரிப்பேன். தாழ்ப்பாள் போடறதில்ல. விழுந்து கிடந்தா யாராவது உள்ள வரணுமே. வீட்ல யாரு இருக்கா வர்றதுக்கு? இருந்தாலும் போடறதில்ல. இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லம்மா."

இன்னும் பேசினார். மனைவி இருந்தபோது தைலம் தேய்த்துவிட்டதைச் சொன்னார், இப்போது தைல வாசனையே பிடிக்கவில்லை என்பதையும் சொன்னார். அம்மா ஈரக் கையோடு நின்று கேட்டார். வைத்தியம் எதுவும் சொல்லவில்லை.

பேசி முடித்த பிறகுதான் வாத்தியாருக்கு உறைத்தது.

"மன்னிக்கணும். ஓகேன்னு மட்டும்தான் சொல்லச் சொன்னீங்க. இவ்வளவு பேசிட்டேன்."

"காலையிலயும் இதே முழங்காலைப் பத்தித்தானே சொன்னேன்?"

வாத்தியார் அப்படியே படியில் உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். மகளுக்கு அனுப்பியதையெல்லாம் மேலே தள்ளித் தள்ளிப் படித்தார். முதலில் மனதுக்குள் படித்தார், பிறகு வாய்விட்டுப் படித்தார்.

"முருங்கைக்கீரை சாப்பிடு, ரத்தம் ஊறும்."

"கனமானதைத் தூக்காதே."

"மாத்திரையை நிறுத்தாதே."

"நடந்ததை மறந்துவிடு."

"தைரியமாக இரு. எல்லாம் நன்மைக்கே."

இன்னும் மேலே தள்ளினார். ஆடி மாதம் வரைக்கும் போய்விட்டார். அவர் தேடியது அங்கேயும் இல்லை. அரும்பாடுபட்டு வளர்த்த பிள்ளை, அவளிடம் எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தைகூட அவர் கேட்டிருக்கவில்லை.

"பிள்ளை போனதுலேர்ந்து அவ எப்படி இருக்கா, ராத்திரி தூங்கறாளா, அழறாளா, எனக்கு ஒண்ணுமே தெரியலம்மா. இப்பப் போய் அவகிட்ட நான் என்னத்தைக் கேக்கறது?"

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"தெரியாததைத்தானே ஐயா கேக்கணும்."